பாலே குழு வருகிறதா? முதலில் தரையைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஓர் இளம் பாலே குழு வந்து வடசென்னையில் ஆடப்போகிறது என்றால், ஏற்பாட்டுக் கூட்டத்தில் முதலில் பேசப்படுவது பேனர், தலைமை விருந்தினர், டிக்கெட் விலை. தரையைப் பற்றிய பேச்சு கடைசி வாரத்தில்தான் வரும். அப்போது 'மேடை இருக்கே சார், மார்பிள் போட்ட மேடை' என்று பதில் கிடைக்கும். அந்த மார்பிள்தான் பிரச்சினை.

இளம் குழுக்கள் பெரும்பாலும் முழுநீள பாலேயைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஸ்வான் லேக் மாதிரி ஒன்றை முழுதாக ஆட அரண்மனை, ஏரி என்று காட்சித் திரைகள் வேண்டும். கூட்டமாக ஆட நாற்பது ஐம்பது பேராவது வேண்டும். இளம் குழுவில் இருப்பது பெரும்பாலும் 12 முதல் 16 பேர், வயது 17 முதல் 22 வரை. பெரிய கம்பெனிகள் தங்கள் பள்ளியில் தேறியவர்களுக்கு மேடை அனுபவம் கொடுக்க இந்த மாதிரிக் கிளைகளை வைத்திருக்கின்றன. நெதர்லாந்து டான்ஸ் தியேட்டரின் இரண்டாம் குழு 1978இல் தொடங்கியது. டச்சு நேஷனல் பாலேயின் ஜூனியர் கம்பெனி 2013இல். இப்படிப்பட்ட குழுக்கள் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது கதம்ப நிகழ்ச்சி: 20 முதல் 35 நிமிடத் துண்டுகள் மூன்று, நடுவில் இரண்டு இடைவேளை. செட் கிடையாது, கதை கிடையாது. அதனால் ஏற்பாடு சுலபம் என்று தோன்றும். உண்மையில் முழுநீள பாலேயைவிட இதுதான் உடம்பையும் அரங்கத்தையும் அதிகம் சோதிக்கும்.

காரணம் நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கிறது. வழக்கமான வரிசை இப்படிப் போகும். முதலில் 'வெள்ளை' பாலே ஒன்று, உதாரணமாக சோப்பினியானா. சோப்பின் இசைக்கு ரஷ்ய நடன அமைப்பாளர் ஃபோகின் அமைத்தது. 1909இல் பாரிஸில் லெ சில்ஃபீட் என்ற பெயரில் ஆடப்பட்டது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைப் பாவாடை, ஒரே ஒரு ஆண், மற்றவர்கள் எல்லாம் பெண்கள். ஆண்கள் குறைவாக உள்ள குழுவுக்கு வசதியான துண்டு. ஆனால் கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூவின் சத்தமே கேட்கக் கூடாது. நடுவில் ஒரு ஜோடி நடனம், அதோடு இக்காலத்துத் துண்டு ஒன்று. அதை வெறுங்காலிலோ சாக்ஸிலோ ஆடுவார்கள். கடைசியில் திறமை காட்டும் துண்டு. பகீத்தா என்ற பாலேயின் கிராண்ட் பா இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்: 1881இல் நடன அமைப்பாளர் பெத்திபா, மின்குஸின் இசைக்கு அமைத்துச் சேர்த்த பகுதி. அதில் தனி ஆட்டங்கள் வரிசையாக வரும். யாரை முன்னால் நிறுத்த வேண்டுமோ அவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம்.

ஆக, ஒரே இரவில் ஒரே கால் மூன்று விதமாக வேலை செய்ய வேண்டும். சத்தமில்லாத மென்மையான பாயிண்ட், பிறகு வெறுங்கால், பிறகு இரும்பு மாதிரி நிற்க வேண்டிய பாயிண்ட். வெறுங்காலில் இருபது நிமிடம் ஆடிய பாதம் சற்று வீங்கி விரியும். உடனே இறுக்கமான பாயிண்ட் ஷூவுக்குள் நுழையாது. அதனால் நல்ல இயக்குநர் நடுத் துண்டில் ஆடுகிறவர்களைக் கடைசித் துண்டின் முதல் ஐந்து நிமிடத்தில் இறக்க மாட்டார். 14 பேர் கொண்ட குழுவில் மூன்று துண்டிலும் ஒரே ஆள் இருந்தால் அந்தச் சுற்றுப்பயணம் காயத்தில் முடியும் வாய்ப்பு அதிகம். குழுவிடமிருந்து எந்தத் துண்டில் யார் ஆடுகிறார் என்ற பட்டியல் வந்ததும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்று ஆள் யார் என்றும் கேளுங்கள். இடைவேளையை 20 நிமிடத்துக்குக் கீழே குறைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஷூவின் ரிப்பன் முனையை நூலால் தைத்து மறைப்பார்கள், கொண்டை மாற்றுவார்கள், உடை மாற்றுவார்கள். அந்த நேரம் சும்மா போவதில்லை.

நம் பரதநாட்டிய மார்க்கமும் ஒரு வகைக் கதம்பம்தான்: அலாரிப்பில் உடம்பைத் திறந்து, வர்ணத்தில் உச்சிக்குப் போய், பதத்தில் இறங்கி, தில்லானாவில் முடிப்பது. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் குடும்பத்தில் வளர்ந்த பாலசரஸ்வதி, 1961இல் டோக்கியோவிலும் 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலும் ஆடியபோது கொண்டுபோனது இந்த மரபைத்தான். கதை தெரியாத சபைக்கு முன்னால் உருப்படிகளின் வரிசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல பாடம். ஒரு வித்தியாசம்: மார்க்கத்தில் தரையை மிதிக்கிறோம், பாலேயில் தரையை விட்டுக் கிளம்பி மறுபடி தரைக்கே வருகிறார்கள். திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

குதித்து இறங்கும்போது ஒற்றைக் காலில் விழும் விசை உடல் எடையைப்போலப் பல மடங்கு. மரத் தரை அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு அமுங்கும். கான்கிரீட் மேல் ஒட்டிய மார்பிளோ கிரானைட்டோ டைல்ஸோ எதையும் வாங்காது. எல்லாம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அதற்குக் கீழே உள்ள முன்கால் எலும்புக்கும் போகும். ஒரே நாள் ஒத்திகையில் வலி தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து ஆடினால் முன்கால் எலும்பில் வலி பிடிக்கும். ஏற்கெனவே களைத்த எலும்பில் மயிரிழை விரிசல் விடும். பரதநாட்டியக் குழந்தைகளும் இதே தரையில்தான் தட்டடவு போடுகிறார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

பந்தல்காரர் போடும் சவுக்குக்கட்டை மேடை வேறு மாதிரி ஆபத்து. பலகை நடுவில் அமுங்கும், கட்டை மேல் அமுங்காது. அடி எடுத்து வைக்கும் இடத்துக்கு இடம் துள்ளல் மாறினால் கணுக்கால் ஏமாந்துபோகும். கட்சிக் கூட்டத்துக்கு அது போதும்.

கல்யாண மண்டப மேடைகளும் உதவாது. அகலம் இருந்தாலும் ஆழம் 15 அடிக்கு மேல் போவது அரிது. பாலேக்குக் குறைந்தது 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம் வேண்டும். 12க்கு 10 என்றால் நிம்மதி. இரண்டு பக்கமும் 3 மீட்டர் ஓடி நிற்கும் இடம் வேண்டும். பெரிய தாவலில் வெளியேறுகிறவர் திரை தாண்டியதும் நின்றுவிட முடியாது. சுவர் இருந்தால் சுவரில் மோதுவார். பின்திரைக்குப் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஓர் ஆள் வழி வேண்டும். தோளுக்கு மேல் தூக்கும் நடனம் இருப்பதால் தலைக்கு மேலே விளக்குவரை 5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இந்த அளவுக்கு மேடை கிடைக்கவில்லை என்றால், மேடையை விட்டுவிடுங்கள். மண்டபத்தின் சமதரையையே ஆடுகளமாக்கி, பார்வையாளர்களைப் படிவரிசையில் ஏற்றி உட்காரவைப்பது நல்லது. கால் தெரியாத பாலேக்கு டிக்கெட் வாங்கி என்ன பயன்?

இனி தரை போடும் வேலை. 40 அடி அகலம், 32 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 1,280 சதுர அடி. எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்று 32 சதுர அடி. ஓர் அடுக்குக்கு 40 பலகை, இரண்டு அடுக்குக்கு 80. தடிமன் 12 மி.மீ. போதும். கீழ் அடுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் ஓர் அடிக்கு ஒன்று வீதம், ஓர் அங்குலத் தடிமனில் ஈ.வி.ஏ. ஃபோம் துண்டு ஒட்ட வேண்டும். பலகைக்கு 32 துண்டு, மொத்தம் 1,280. யோகா பாயில், பேக்கிங் வேலையில் புழங்கும் கெட்டியான ஃபோம் அது. சோபா ஸ்பான்ஜ் வாங்கிவிடாதீர்கள். அது முதல் குதியிலேயே தரையோடு தரையாகிவிடும். மேல் அடுக்கைக் கீழ் அடுக்குக்குக் குறுக்காக, இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி போட வேண்டும். திருகு நீளம் 20 மி.மீ. தாண்டக் கூடாது. இரண்டு பலகையும் சேர்ந்து 24 மி.மீ.தான், நீளமான திருகு அடியில் துருத்திக்கொண்டு கான்கிரீட்டில் முட்டினால் அந்த இடத்தில் துள்ளல் செத்துவிடும். தலையைப் பலகைக்குள் இறங்கும்படி குழித்து முடுக்க வேண்டும். முடித்த பிறகு சாக்ஸ் போட்ட காலால் மொத்தத் தரையையும் ஒருவர் தேய்த்து நடந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. நூல் சிக்கும் இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது. சூளைப் பக்கத்து மரக்கடைகளில் பலகையும், பக்கத்துப் பட்டறையில் ஆளும் கிடைப்பார்கள். ஒரு நாள் வேலை.

இதன் மேல் வருவது நடன வினைல், ஆடுவதற்கென்றே செய்த பிளாஸ்டிக் விரிப்பு. குழுவே சுருளாகக் கொண்டுவரலாம். 120 சதுர மீட்டருக்கு சில நூறு கிலோ எடை வரும் என்பதால் விமானத்தில் கட்டுப்படியாகாது, பெரும்பாலும் கப்பலில்தான். வீட்டுக்குப் போடும் மரக்கோடு வினைல் இதற்கு மாற்று அல்ல. அதன் பளபளப்பு வியர்வை பட்டால் வழுக்கும். சிவப்புக் கம்பளம் அதைவிட மோசம்: கால் திரும்பும், பாயிண்ட் ஷூவின் முனை திரும்பாது, முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும். வினைல் பட்டைகள் ஒன்றரை மீட்டரோ இரண்டு மீட்டரோ அகலம் இருக்கும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர்ப் பட்டை ஏழு. ஆடுபவர் ஒற்றைக் காலில் நின்று மற்ற காலை வீசி வீசி 32 முறை சுழலும் (இதுதான் ஃபுவெத்தே) நடு இடத்தில் இணைப்பு வராதபடி விரியுங்கள். சுருளைப் பிரித்துச் சில மணி நேரம் சும்மா கிடக்கவிட்டு, பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும்.

சென்னையில் இங்கேதான் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். மின்சாரச் செலவு பார்த்து ஏ.சி. போடாமல் மதிய வெக்கையில் டேப் ஒட்டுவார்கள். வெப்பத்தில் விரிந்திருக்கும் வினைல், சாயங்காலம் ஏ.சி. ஓடியதும் சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும். குளிரில் ஒட்டிவிட்டு ஏ.சி.யை நிறுத்தினால் உப்பி அலையடிக்கும். நிகழ்ச்சி நேரத்தில் அரங்கம் என்ன வெப்பநிலையில் இருக்குமோ அதே நிலையில் ஒட்ட வேண்டும். திறந்தவெளியில் ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், பனி. மார்கழி, தை மாதத்தில் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்திலேயே வினைல் மேல் ஈரம் கோத்துவிடும். துடைக்கத் துடைக்க வரும்.

பாயிண்ட் ஷூவுக்கும் நம் கடற்கரைக் காற்றுக்கும் ஆகாது. ஷூவின் முனையில் உள்ள கெட்டியான கூடு மரமோ சிமெண்டோ அல்ல. துணியும் காகிதமும் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்தியது. வியர்வை பட்டால் தானே இளகும்; காசிமேட்டுப் பக்கத்து ஈரக் காற்றில் ஒரு ஜோடி பாதி நேரத்தில் 'செத்துவிடும்'. கடினமான வேடம் ஆடுபவருக்கு ஓர் இரவுக்கு ஒரு ஜோடி என்பது குளிர்நாட்டிலேயே சாதாரணம். இங்கே ஆளுக்கு இரவுக்கு இரண்டு மூன்று என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆடிய ஷூவுக்குள் காகிதம் திணித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஏ.சி. அறையில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் மூடினால் முடிந்தது.

கூட்டைக் கெட்டியாக்க உள்ளே அரக்குக் கரைசல் ஊற்றி இரவெல்லாம் காயவைப்பார்கள். ஸ்பிரிட் கலந்தது என்பதால் விமானத்தில் அதைக் கொண்டுவர விட மாட்டார்கள். இங்கே வாங்கிக் கொடுப்பதில் சிரமமே இல்லை: நம் ஊர் மரப் பாலிஷ்காரர் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பூசும் பிரெஞ்ச் பாலிஷ்தான் அது. நிறம் சேர்க்காதது என்று சொல்லி வாங்க வேண்டும். அவசரத்துக்கு ஃபெவிக்விக்கும் ஊற்றுவார்கள். சோப்பினியானாவுக்கு நேர்மாறான வேலை: புது ஷூவைச் சுவரிலும் படிக்கட்டிலும் 'டங் டங்' என்று அடித்துச் சத்தத்தைக் குறைப்பார்கள். வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரோசின் விஷயத்தில் சண்டை வரும். வயலின் வில்லில் தேய்க்கும் அதே பொருளின் தூளை ஷூ முனையில் தொட்டுக்கொண்டால் வழுக்காது. வினைல் செய்பவர்கள் வேண்டாம் என்பார்கள். ஆடுபவர்கள் வேண்டும் என்பார்கள். திரையோரத்தில் ஒரு சிறு தட்டில் வைத்து, முனையிலும் குதிகாலிலும் மட்டும் தொடவைப்பது என் தீர்ப்பு. தரையில் தூவினால் வெறுங்கால் துண்டு ஆடுபவர்களின் தோல் உரியும். ஈரக் காற்றில் தூள் கட்டிபட்டுவிடும் என்பதால் மூடி வைத்த டப்பாவில் இருக்கட்டும்.

தட்டு மாதிரி நிற்கும் டுட்டு பாவாடை பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலையால் ஆனது. மடிக்கக் கூடாது, துவைக்கவும் முடியாது. தலைகீழாகக் கவிழ்த்து ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பார்கள். அதற்கு வாசல் அகலமான, உலர்ந்த அறை ஒன்று வேண்டும். வியர்வை நாற்றம் போக வோட்காவில் தண்ணீர் கலந்து உட்பக்கம் தெளிப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். உடை மேலாளர் டாஸ்மாக் எங்கே என்று கேட்டால் தப்பாக நினைக்க வேண்டாம்.

உடையும் தரைச் சுருளும் தற்காலிகமாக நாட்டுக்குள் வந்து திரும்பிப் போக ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது. இந்தியா அதை ஏற்கிறது. பட்டியலில் எழுதிய எண்ணிக்கையும் திரும்பும்போது உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். 16 டுட்டு வந்தால் 16 போக வேண்டும்; யாருக்கும் நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடக் கூடாது. தேய்ந்து தீர்ந்துபோகும் பொருளை அதில் சேர்க்க முடியாது என்பதால் பாயிண்ட் ஷூவை அவரவர் பெட்டியில் கொண்டுவருவதே நல்லது. கப்பலில் வரும் சுருளுக்கு ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் வேலை முடிய நாள் பிடிக்கலாம். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் துறைமுகம் வந்து சேரும்படி திட்டமிடுவது தற்கொலை.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பும் நாடகப் படைப்பில் சேர்த்தி. அமைத்தவர் இறந்து 60 ஆண்டுவரை பாதுகாப்பு உண்டு. ஃபோகின் இறந்தது 1942, எனவே தடை இல்லை. இன்னொரு நடன அமைப்பாளர் பாலன்சின் இறந்தது 1983. அவருடைய செரினேட் என்ற பாலே நிரலில் இருந்தால் பாலன்சின் டிரஸ்டின் அனுமதியைக் குழு காட்ட வேண்டும். 1934இல் மாணவிகளுக்காக அவர் அமைத்தது அது. முதல் நாள் வந்தவர்கள் 17 பேர் என்பதால் 17 பேருக்கு அணிவகுப்பு அமைத்தார், ஒருத்தி தாமதமாக வந்ததையும் ஒருத்தி விழுந்ததையும் நடனத்திலேயே சேர்த்துக்கொண்டார்.  சோப்பின் இசைக்கு உரிமை இல்லாவிட்டாலும் அதன் ஒலிப்பதிவுக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

விளக்குக்காரரிடம் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். முன்னாலிருந்து அடிக்கும் விளக்கு காலைத் தட்டையாக்கும். பாலேக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம், ஒவ்வொன்றிலும் முழங்கால், இடுப்பு, தலை உயரத்தில் விளக்கு. கம்பத்தின் அடியில் வெள்ளை டேப் சுற்றுங்கள். இருட்டில் ஓடிவரும் கால் அதில்தான் இடிக்கும். இன்னொன்று, அரங்கத்தின் பின்சுவரில் நட்டநடுவே, ஆடுபவரின் கண்மட்டத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு. சுழலும்போது தலை ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் புள்ளிக்குத் திரும்பி நிற்கும். அது இல்லாத இருட்டு அரங்கில் சுழல்பவர் திசை தப்பி ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார். கேமரா ஃப்ளாஷ் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஆட்டத்துக்கு முன் 75 முதல் 90 நிமிடம் மேடையிலேயே வகுப்பு நடக்கும். பிடித்துக்கொள்ளும் கம்பி 42 அங்குல உயரம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பில் வியாசர்பாடிப் பட்டறையில் அடித்து வாங்கலாம், கால் மட்டும் ஆடாமல் கனமாக இருக்கட்டும். இப்படிச் சூடேற்றிய உடம்பைக் குளிரவைக்க நம்மிடம் ஒரு நிச்சயமான வழி இருக்கிறது: வரவேற்புரை. ஐந்து பேர் பேசி, பொன்னாடை போர்த்தி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். 18 டிகிரி ஏ.சி.யில் மெல்லிய உடையோடு திரையோரத்தில் நிற்பவரின் தசை அதற்குள் இறுகிவிடும். அடுத்து நடப்பது முதல் தாவலில் பிடிப்பு. மேடையில் 24 முதல் 26 டிகிரி வையுங்கள். உரைகளை நிகழ்ச்சி முடிந்த பின் வையுங்கள், அல்லது வாசல் கூடத்தில் வையுங்கள். குத்துவிளக்கும் அங்கேயே இருக்கட்டும். வினைல் மேல் சிந்திய ஒரு சொட்டு எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. பூவிதழ், ஊசி, ஜரிகைத் துண்டும் அப்படித்தான். ஃபினாயில் போட்டுத் துடைப்பதும் வழுக்கும்; வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி.

காயத்துக்கு ஐஸ் நிறைய வேண்டும். இதில் வடசென்னைக்கு ஈடு கிடையாது. காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பார் இருக்கிறது. பையில் கட்டிக் கணுக்காலில் 10, 15 நிமிடம் வைப்பதற்கு மட்டும். குடிக்கும் தண்ணீர்ப் பக்கம் அந்த வாளி போகக் கூடாது. வந்திறங்கிய முதல் நாள் யாரையும் பாயிண்ட்டில் ஏற்றச் சொல்லாதீர்கள். நீண்ட விமானப் பயணத்தில் வீங்கிய பாதம் அது. பாரிமுனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைக்குக் கூட்டிப்போவது ஆட்டம் முடிந்த இரவுக்கு.

பார்வையாளர் விஷயத்துக்கு வருகிறேன். வியாசர்பாடியில் கால்பந்தும் ராயபுரம் பக்கம் குத்துச்சண்டையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களிடம் நான்கு பக்கக் கதைச் சுருக்கத்தைக் கொடுக்காதீர்கள். இந்த நிகழ்ச்சியில் கதையே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர், அமைத்தவர், ஆண்டு, எத்தனை நிமிடம், கூடவே எதைக் கவனிக்கலாம் என்று இரண்டு வரி போதும். விசிலடிக்காதே என்று அறிவிக்கவும் வேண்டாம். பாலேயில் தனி ஆட்டம் முடிந்ததும் கைதட்டுவதும் ஆடியவர் திரும்ப வந்து வணங்குவதும் மரபுதான். ஃபுவெத்தே நடுவிலேயே ஆரவாரம் எழுவது அவர்களுக்குப் பழக்கம். குழந்தைகளுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்தினால் அரைமண்டியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தொடை மூட்டிலிருந்து காலை வெளிப்பக்கம் திருப்புவது இரண்டுக்கும் பொது. ஆசைக்குக்கூட யார் காலிலும் பாயிண்ட் ஷூ மாட்டிப் பார்க்க வேண்டாம். அதற்குச் சில வருடப் பயிற்சியும் பதினொன்று பன்னிரண்டு வயதும் ஆக வேண்டும்.

முடிந்த இரவே தரையைப் பிரிப்பார்கள். டேப்பை மெதுவாக, தாழ்வாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் வினைல் விளிம்பு சுருளும். வினைலை மடிக்காமல் குழாயில் சுற்ற வேண்டும். 80 பலகை மட்டும் நம்முடையது. எண் போட்டு, திருகுகளைத் தனி டப்பாவில் வைத்து, செங்கல் மேல் அடுக்கினால் கரையான் ஏறாது. மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். அடுத்த அரங்கேற்றத்துக்கு யாராவது கேட்டால் வினைல் இல்லாமல் வெறும் பலகையாகக் கொடுங்கள். தட்டடவுக்கு மரமே நன்றாகச் சத்தம் கொடுக்கும்.